உச்சிவேளைச் சீரகம்

"செத்தவங்க சமைப்பாங்களா, தாயி?"

சுனையம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருக்கு?" என்றாள்.

எங்கிருந்து எது வருகிறது என்றுதான் தளவாய் கேட்க வந்தார். யாருக்காக வருகிறது என்று யோசித்ததில்லை.

தளவாய் தையல்காரர். மலையடிவாரத்து ஊரில் வீட்டின் முன்னறையே அவருக்குக் கடை. சன்னலோரம் தையல் மிஷின், சுவரில் கத்தரிக்கோல், அதற்கு உட்புறம் ஒரு நடை, நடைக்கு அப்பால் அடுப்படி. அந்த அடுப்படிக்குள் அவர் போனதேயில்லை என்று சொல்லிவிடலாம். சோறு வெளியே வரும். இலை உள்ளே போகும். அவருடைய மனைவி ஆவுடையம்மாள் பங்குனி மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவர் காலையில் எழுந்ததும் ஊருக்கு வெளியே உள்ள பாறைச் சுனைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஓலைக் குடிசையில் இருந்தவளைத்தான் ஊரார் சுனையம்மா என்றார்கள். வேறு பேர் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. தளவாயின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். தலை நரைத்த மனிதர் அவள் குடிசை வாசலைப் பெருக்குவதும், குடத்தில் தண்ணீர் எடுத்து வைப்பதும் சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. தளவாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அவங்க சீடன் என்று தாமாகவே சொல்லிக்கொண்டார். அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. வயதுக்கு மரியாதையாக அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள்.

அன்று காலை அவர் பெருக்கவில்லை. தண்ணீர் எடுக்கவில்லை. நேராக வந்து அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"உக்காந்து சொல்லுங்க" என்றாள் சுனையம்மா.

அவர் சொன்னார்.

உச்சிப்பொழுதில் தெரு ஓய்ந்துவிடும். நிழலெல்லாம் காலடிக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தமக்குக் கண் செருகும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீரகம் வறுபடும் வாசனையில் விழிப்பு வரும். கூடவே அந்தச் சத்தமும் அடங்குவதுபோல் கேட்கும். டொக் டொக் என்று வேகமாக இரண்டு இடி, பிறகு ஒரு நிறுத்தம். ஆவுடை இடிகல்லில் சீரகம் இடித்தால் அப்படித்தான் இருக்கும். நிறுத்தத்தில் ஓரத்தில் ஒதுங்கிய பொடியைக் குழவியால் நடுவே தள்ளிவிடுவாள். தெருவில் போகிறவர்களுக்கே அந்தத் தாளம் பழக்கம்.

எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்படிக் கதவு சாத்தியிருக்கும். திறந்தால் யாரும் இல்லை. இடிகல்லில் பொடி இருக்கும். பச்சையும் பழுப்பும் கலந்த பொடி. அடுப்பில் ஓலைச் சாம்பல். இரும்புச் சட்டியைத் தொட்டால் சுடும்.

"உங்களுக்கு மட்டும் கேக்குதா?"

"இல்ல தாயி. பக்கத்து வீட்டுக்காரி, சமைக்கப் பழகிட்டீகளா அண்ணேன்னு கேட்டா."

"பொடியை என்ன செய்வீங்க?"

"சாக்கடைல கொட்டிட்டுக் கல்லைக் கழுவிருவேன்."

"சாப்பாடு?"

"கடைல ரெண்டு இட்லி. சில நாள் அதுவும் இல்ல."

சுனையம்மா விளக்கிய செம்பைக் கவிழ்த்து வைத்தாள். தளவாய் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். ஆவுடை இடதுகைக்காரி. குழவியை இடது கையில் பிடித்து, பொடி தெறிக்காமல் வலது உள்ளங்கையால் கல்லின் வாயை மூடிக்கொள்வாள். அதனால் பொடி எப்போதும் கல்லின் வலப்புறமாக ஏறி நிற்கும். கல்லில் தாம் பார்க்கும் பொடியும் வலப்புறமாகத்தான் ஏறி நிற்கிறது.

சொல்லிவிட்டு, இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்றும், சுனைக்கரையிலேயே ஒரு மூலையில் கிடந்துவிடுகிறேன், எல்லாவற்றையும் விட்டுவிட மனசு பக்குவப்பட்டுவிட்டது என்றும் கேட்டுக்கொண்டார்.

"பக்குவமா, பயமா?"

சுனையம்மா குடிசைக்குள் போய் ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து வந்தாள். இதைக் கல்லில் இழைத்து வலது கையால் குழவியில் பூசுங்கள், பூசிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வழக்கம்போல் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டபோது மீதிப் பாத்திரத்தை விளக்க உட்கார்ந்துவிட்டாள்.

*

மறுநாள் தளவாய் வந்தபோது இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தார். அடிபட்ட கையைப்போல் அதை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"காட்டுங்க."

அவர் துண்டை அவிழ்த்தார். உள்ளங்கையும் விரல்களின் உட்பக்கமும் மஞ்சளாக இருந்தன. மஞ்சள் ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது.

"இந்தக் கையால நான் ஊசில நூல்கூடக் கோத்ததில்ல, தாயி."

"ம்."

"அப்போ இடிச்சது யாரு?"

சுனையம்மா செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவர் வலது கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கண்ணாலேயே அந்தக் கையைக் காட்டினாள். அவர் இடது கையால் செம்பை வாங்கினார். விரல்கள் உதறின. தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் கொட்டியது.

"இப்போ நடுங்குறது யாரு?" என்றாள் சுனையம்மா.

தளவாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வழியெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நேற்றுவரை பயம் அடுப்படியில் இருந்தது. கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. இப்போது அது தோளிலிருந்து தொங்கிக்கொண்டு கூடவே வந்தது. புளியமரத்தடியில் ஒரு முறை நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். சொன்னபடி கேட்டன. அதுதான் அவரை இன்னும் கலக்கியது. கேட்காமல் இருந்திருந்தால் அது வேறு யாருடையதோ என்று இருந்திருப்பார்.

உச்சிப்பொழுது நெருங்கியதும், தைத்து மிச்சமான துணியைக் கயிறாக முறுக்கி இடது மணிக்கட்டை மிஷினின் இரும்புக் காலோடு கட்டினார். பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினார். கண் செருகியது. விழித்தபோது வாசனை இல்லை. சத்தம் இல்லை. முடிச்சு அப்படியே இருந்தது. மணிக்கட்டில் மட்டும் தோல் கன்றிச் சிவந்திருந்தது. நெடுநேரம் இழுத்துப் பார்த்த கைபோல.

மறுநாளும் கட்டினார். அடுத்த நாளும். அடுப்படி அமைதியாகிவிட்டது.

அந்த அமைதி இப்படி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஆவுடை செத்த வீட்டில் அவர் இத்தனை மாதம் இருந்தார். ஆவுடை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. மத்தியானத்தில் மதிலுக்கு வந்து கரையும் காகம்கூட வரவில்லை. சுவர்களுக்கு நடுவே ஏதோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மிஷினை ஓட்டினால் அந்தச் சத்தம் நடையைத் தாண்டிப் போகாமல் பாதியிலேயே நின்றுபோனது. ஒருநாள் மத்தியானம் அவர் தம்மையறியாமல், ஆவுடை, தண்ணி என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டபின் உடம்பு முழுக்க மயிர் சிலிர்க்க உட்கார்ந்திருந்தார். உள்ளே எதுவும் அசையவில்லை. அசைந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

*

ஐப்பசி மழைக்கு நடுவில் மகள் செண்பகம் வந்தாள். தலைப்பிரசவம். லாரி ஓட்டும் மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டு, லாரி நிற்கிறது என்று அன்றைக்கே கிளம்பிவிட்டார். தாய் இல்லாத வீட்டுக்கு எதற்கு அனுப்பவேண்டும் என்று புகுந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டுக்குத்தான் போவேன் என்று இவள் பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறாள்.

வயிறு மட்டும்தான் தெரிந்தது. மற்றபடி பெண் எலும்பாக இருந்தாள். எது சாப்பிட்டாலும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி குழையக் குழையச் சோறு வடித்து அனுப்பினாள். ரசம் வைத்து அனுப்பினாள். வாய்க்குக் கொண்டுபோகும்போதே செண்பகம் வாசலுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே போனால் ரெண்டு உயிருக்கும் நல்லதில்லை, எதையாவது சாப்பிட வையுங்கள் என்று அங்கிருந்த டாக்டரம்மா தளவாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மத்தியானம் செண்பகம் பாயில் சுருண்டு கிடந்தாள். தளவாய் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா சீரகக் கஞ்சி வைப்பாள்ல."

"ஆமாம்மா."

"அதுன்னா நிக்கும்."

அவர் விசிறியை வைத்துவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பெண்ணுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, தூறலில் துண்டைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சுனைக்கு நடந்தார்.

சுனையம்மா குடிசைக்குள் இருந்தாள். மழைத்தண்ணீர் ஓலை வழியாகச் சொட்டிய இடங்களில் சட்டிகளை வைத்திருந்தாள். தளவாய் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் வந்து ஒரு வாய்க் கஞ்சி வைத்துக்கொடுத்தால் பெண் பிழைத்துக்கொள்வாள் என்றார். இதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"நான் வச்சா அது என் கஞ்சி. பொண்ணு என் கஞ்சியவா கேட்டா?"

"அவ அம்மா கஞ்சியக் கேக்கா. அம்மா இல்லியே, தாயி."

"கை?"

தளவாய் தலை குனிந்தார்.

"கட்டிப்போட்டிருக்கேன்."

"அவிழ்த்து விடுங்க."

"அது வந்துட்டா?"

"வரட்டும்."

"வராட்டா?"

சுனையம்மா நிரம்பிய சட்டியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"அப்பவும் கஞ்சி வைக்கணும், அண்ணாச்சி."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தூங்கிப் போயிராதீங்க" என்றாள். "எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

*

மறுநாள் உச்சிப்பொழுதில் தளவாய் அடுப்படிக் கதவைத் திறந்தார்.

மழை விட்டிருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக இறங்கித் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு. பொருள்கள் எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருந்தன. எடுக்க வசதியாக எல்லாமே இடது பக்கமாக. சீரக டப்பா இடது பக்கம், கரண்டிகள் இடது பக்கம், இடிகல்லும் அடுப்புக்கு இடது பக்கம். இத்தனை வருஷம் தம் வீட்டுக்குள்ளேயே இப்படி ஓர் இடம் திரும்பி நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

குருணையைக் களைந்து உலையில் போட்டார். அது வெந்துகொண்டிருக்கையில் இரும்புச் சட்டியைப் பக்கத்து அடுப்பில் வைத்து, சீரகத்தைக் கொட்டி, வலது கையால் கிளறினார். எது பதம் என்று தெரியவில்லை. சிவக்கட்டும் என்று நின்றார். அது சிவக்காமல் ஒரே மூச்சில் கறுத்தது. புகை நெஞ்சில் ஏறி இருமினார். ஒரு விதையைக் கடித்துப் பார்த்தார். கசந்தது. முன்னறையில் செண்பகம் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சட்டியைக் கவிழ்த்துத் துடைத்தார்.

அடுத்த தடவை சீரகத்தைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றார். இரண்டு கைகளும் தொங்கின. கண் செருகத் தொடங்கியது. அந்தத் தூக்கம் அவருக்குப் பழக்கமானதுதான், ஆனால் நின்றுகொண்டே அது வருவதை இப்போதுதான் பார்த்தார். முதுகுப் பக்கமாக, யாரோ ஈரத் துணியோடு நெருங்கி வருவதுபோல் வந்தது. பிடரியில் குளிர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். ரத்தம் உப்பாக நாக்கில் பட்டது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

இடது கை எழுந்தது.

அவர் எழுப்பவில்லை. தடுக்கவுமில்லை. அது கரண்டியை எடுக்கவில்லை. சட்டியின் காதைத் துணியோடு பிடித்து ஒரு சுண்டு சுண்டியது. விதைகள் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. மறுபடி சுண்டியது. சீரகம் லேசாக உப்பி, ஒரு நிறம் மாறுகிற சமயத்தில், இன்னும் பச்சை வாசனை போகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கை சட்டியை இறக்கிவிட்டது. வாசனை அதன்பிறகுதான் வந்தது. இறக்கிய சட்டியின் சூட்டிலேயே மீதி வறுபட்டு, மெல்ல மெல்ல, வீடு முழுக்க நிறைந்தது.

முன்னறையில் ஓங்கரிப்பு நின்றது.

கை விதைகளைத் தட்டில் பரப்பியது. பிறகு சும்மா இருந்தது. தளவாய்க்கு அவசரம். குழவியை எடுக்கச் சொல்லி மனசு அடித்துக்கொண்டது. கை அசையவில்லை. தட்டின் விளிம்பில் விரல்களை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தது. வெயில் சதுரம் தரையில் கொஞ்சம் நகர்ந்தது. எதற்காக நிற்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. வலது கையால் ஒரு விதையை எடுத்து நசுக்கினார். சூடான விதை நசுங்காமல் வளைந்து விரலில் ஒட்டியது. ஆறட்டும் என்று நிற்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொறுமை தம்முடையது அல்ல என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயந்தது அவர்தான். கை நடுங்கவில்லை.

பிறகு அது குழவியை எடுத்தது. தளவாயின் வலது உள்ளங்கை தானாகப் போய்க் கல்லின் வாயை மூடிக்கொண்டது. டொக் டொக். நிறுத்தம். டொக் டொக். நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. அது தம் மூச்சுதானா என்று பார்க்க மூச்சை அடக்கிப் பார்த்தார். அப்போதும் கேட்டது. திரும்பிப் பார்க்கலாம். பார்த்தால் கை நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. அவர் திரும்பவில்லை. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் வேலையில் இருந்தன.

பொடியில் பாதியைக் கொதிக்கிற கஞ்சியில் போட்டது கை. பாதியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பானையை இறக்கியபின் மேலாகத் தூவியது. விரல்களைத் தேய்த்து உதறியது. பிறகு உப்பு ஜாடியின் பக்கம் போனது. மூடியைத் திறந்தது.

அங்கே அது விழுந்துவிட்டது.

தோளிலிருந்து யாரோ பிடியை விட்டதுபோல் கை தொங்கிப்போனது. தளவாய் அதைப் பார்த்தபடி நின்றார். விரல்களை அசைத்தார். அசைந்தன. மஞ்சளும் இல்லை, நடுக்கமும் இல்லை. அடுப்படியில் அவர் மட்டும் இருந்தார். தட்டின் விளிம்பில் சீரகத் தூசியில் விரல்கள் பதிந்த தடம் இருந்தது.

எவ்வளவு உப்பு என்று கேட்க யாருமில்லை. அவராகவே கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கலக்கினார். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

செண்பகம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினார். முதல் வாயை அவள் நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். அவர் காத்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள். இன்னொரு வாய் கொடுத்தார். கிண்ணம் பாதி குறைந்தபோது, கண்ணைத் திறக்காமலே, அரைத் தூக்கத்தில் அவள் சொன்னாள்.

"உப்புக் குறைச்சல், அம்மா."

தளவாயின் கை அந்தரத்தில் நின்றது.

அவர் மெல்லத் திரும்பி நடையைப் பார்த்தார். அடுப்படிக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெயில் சதுரம் மட்டும் கிடந்தது. செண்பகத்தின் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிற முகம். நேரம் போனால் அது கண்ணைத் திறந்துவிடும்.

"நாளைக்குச் சரியாப் போடுதேன்" என்றார் தளவாய்.

"ம்" என்றாள் அவள். மீதிக் கஞ்சியையும் குடித்தாள். அவர் மடியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். சாயங்காலம்வரை வாந்தி எடுக்கவில்லை.

*

அதன்பிறகு அவர்தான் சமைத்தார். உச்சிப்பொழுதில் கண் செருகுவது நின்றுவிட்டது. கை தானாக எழவில்லை. கட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சீரகத்தை வறுத்து, ஆறவிட்டு, இடது கையாலேயே இடித்துப் பழகினார். முதலில் பொடி தெறித்தது, பிறகு தெறிக்கவில்லை. சில நாள் கறுக்கவிட்டுவிட்டு மறுபடி வறுத்தார். செண்பகத்தின் கன்னத்தில் சதை பிடித்தது. அப்பா, துவரம்பருப்பு ரசத்துக்குப் பொடியை இறக்குறப்ப போடுங்க என்று பாயில் படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். அன்று தான் சொன்னது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்கழிப் பிறப்பில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று தெரிந்ததும் தளவாய் சுனைக்குப் போனார். நெடுநாள் கழித்துப் போகிறார். குடிசை வாசலைப் பெருக்கினார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சுனையம்மா ஈரத் துணிகளைப் பாறையில் விரித்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கை எழுந்தது, ஆறட்டும் என்று காத்திருந்தது, உப்பு ஜாடியில் விழுந்தது, எல்லாம். அவள் துணிகளை விரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கை யாரு கை, தாயி?"

"கஞ்சி நின்னுதா?"

"நின்னுச்சு."

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

தளவாய் போகாமல் நின்றார். அவர் கேட்க வந்தது அது இல்லை. கேட்க வந்ததைக் கேட்கப் பயந்துதான் இத்தனை நாள் இந்தப் பக்கம் வராமல் இருந்தார்.

"அன்னைக்கு எம் பொண்ணு கண்ண மூடிக்கிட்டு அம்மான்னு கூப்பிட்டா. எனக்குப் பின்னால யாரும் இருந்தாங்களான்னு எனக்குத் தெரியல. இருந்த மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு." அவர் தம் இடது கையைப் பார்த்துக்கொண்டார். "அவ யாரைக் கூப்பிட்டா, தாயி?"

சுனையம்மா கையிலிருந்த துணியைப் பாறையில் விரித்து, சுருக்கங்களை நீவிவிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பதில் சொன்னது நீங்கதானே, அண்ணாச்சி."